நானாவதி வழக்கு

நானாவதி வழக்கு என்பது 1959 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் பம்பாய் (தற்போதைய மும்பை) நகரில் நிகழ்ந்த ஒரு கொலை தொடர்பான வழக்கு ஆகும். இந்தியக் கடற்படை அதிகாரியான கமாண்டர் கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, தம் மனைவியுடன் தொடர்பு கொண்டிருந்த பிரேம் அகுஜா என்னும் வணிகரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஜூரியால் குற்றமற்றவர் எனக் கூறப்பட்ட அவரைப் பம்பாய் உயர் நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. அத்தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் ஆளுநரின் மன்னிப்பினால் அவர் விடுதலையானார்.

இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்ததற்கு இவ்வழக்கே காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது முழுமையாகச் சரியன்று. அதே போல, "திடீர்க் கோபத்தில் சுட்டார், ஜூரி இரக்கப்பட்டு விடுவித்தது" என்று பலரும் நினைவில் வைத்திருக்கும் கதையும் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்ட வாதத்திலிருந்து வேறுபட்டது. செய்தித்தாள்களில் நடந்த வழக்கும் நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் ஏறத்தாழ இரு வேறு வழக்குகள் எனலாம்.

நிகழ்வு

நானாவதி பார்சி இனத்தைச் சேர்ந்தவர். ஐ.என்.எஸ். மைசூர் என்னும் போர்க்கப்பலில் இரண்டாம் நிலைப் பொறுப்பு வகித்தவர். இங்கிலாந்தில் 1949 இல் ஆங்கிலப் பெண் ஒருவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பணியின் பொருட்டு அவர் நீண்ட நாட்கள் கடலில் இருக்க நேர்ந்தது. அக்காலங்களில் அவருடைய மனைவிக்கும், குடும்ப நண்பரான அகுஜாவுக்கும் இடையே உறவு ஏற்பட்டது. அகுஜா சிந்தி இனத்தைச் சேர்ந்தவர், மோட்டார் வாகன விற்பனை நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தவர்.

ஏப்ரல் 27 அன்று நண்பகலில் மனைவி இவ்வுறவைக் கணவரிடம் ஒப்புக்கொண்டார். இதன் பிறகு நானாவதி செய்தவற்றின் வரிசை சட்டப்படி மிக முக்கியமானது. அவர் மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ திரையரங்கில் கொண்டுபோய் விட்டார். படம் முடிந்ததும் அழைத்துச் செல்வதாகக் கூறினார். அங்கிருந்து தம் கப்பலுக்குச் சென்றார். அன்றிரவு தனியாக அகமத்நகருக்குக் காரில் செல்லவிருப்பதாகக் காரணம் கூறி, கப்பலின் ஆயுதக் கிடங்கிலிருந்து ஒரு ரிவால்வரையும் ஆறு தோட்டாக்களையும் பெற்று ஒரு பழுப்பு நிற உறையில் வைத்துக்கொண்டார். பின்னர் அகுஜாவின் அலுவலகத்துக்குச் சென்றார். அவர் அங்கு இல்லாததால் அவருடைய குடியிருப்புக்குச் சென்று, நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். அகுஜா அப்பொழுதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டுடன் நின்றிருந்தார். சற்று நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அப்பொழுது மாலை ஏறத்தாழ 4.20 மணி.

நானாவதி தப்பியோடவில்லை. கடற்படைக் காவல் அதிகாரியிடம் செய்தியைத் தெரிவித்து, அவருடைய அறிவுரைப்படி பம்பாய்க் காவல்துறைத் துணை ஆணையர் ஜான் லோபோவிடம் சரணடைந்தார்.

அமர்வு நீதிமன்ற விசாரணை

வழக்கு நீதிபதி ஆர். பி. மேத்தா முன்னிலையில், ஒன்பது பேர் கொண்ட ஜூரியின் உதவியுடன் நடைபெற்றது. ஜூரி என்பது சட்டம் பயிலாத பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழு ஆகும். சட்டத்தை விளக்குவது நீதிபதியின் வேலை, நடந்தது என்ன என்று முடிவு செய்வது ஜூரியின் வேலை. ஜூரி தன் முடிவுக்குக் காரணம் கூற வேண்டியதில்லை.

நானாவதி மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 ஆம் பிரிவின் கீழ் (கொலை) குற்றச்சாட்டும், அதற்கு மாற்றாக 304 ஆம் பிரிவின் முதற்பகுதியின் கீழ் (கொலையாகாத மரணம் விளைவித்தல்) குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டன. அவருக்காக வழக்கறிஞர் கார்ல் கண்டாலாவாலா வாதாடினார். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக அகுஜாவின் சகோதரி சார்பில் பணியாற்றிய இளம் வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி இவ்வழக்கின் மூலமே நாடறியப்பட்டார்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 300 ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கின்படி, கடுமையான, திடீரெனத் தோன்றிய ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து ஒருவர் கொன்றால் அது "கொலை" ஆகாது. ஆனாலும் அது குற்றமே. அதற்கு 304 ஆம் பிரிவின் கீழ் தண்டனை உண்டு. ஆகவே ஆத்திரமூட்டல் வாதம் முழுமையாக வென்றிருந்தாலும் நானாவதி விடுதலையாகியிருக்க முடியாது. முழு விடுதலைக்கு வேறொரு வாதம் தேவைப்பட்டது. அது "விபத்து" என்ற வாதம்.

எதிர்த்தரப்புக் கூற்றின்படி, தம் மனைவியை மணந்து குழந்தைகளையும் ஏற்றுக்கொள்வாயா என்று கேட்கவே நானாவதி சென்றார். அகுஜா இழிவாக மறுமொழி கூறினார். உறையிலிருந்த துப்பாக்கியை எடுக்க அகுஜா முயன்றபோது இருவருக்கும் இடையே கைகலப்பு ஏற்பட்டு, குண்டுகள் தற்செயலாக வெடித்தன. இதனை அரசுத் தரப்பு மறுத்தது. அது சுட்டிக்காட்டிய சான்றுகளுள் எளிமையானது அகுஜாவின் துண்டு. கைகலப்பு நடந்திருந்தால் அவிழ்ந்து விழுந்திருக்க வேண்டிய துண்டு, உடல் கண்டெடுக்கப்பட்டபோது இடுப்பிலேயே இருந்தது.

ஜூரி, இரண்டு குற்றச்சாட்டுகளிலும் நானாவதி குற்றமற்றவர் என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் 1959 அக்டோபரில் முடிவு கூறியது.

உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்

ஜூரியின் முடிவை நீதிபதி மேத்தா ஏற்கவில்லை. நியாயமான மனிதர் எவரும் இச்சான்றுகளைக் கொண்டு அத்தகைய முடிவுக்கு வரமாட்டார் எனக் கருதிய அவர், 1898 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 307 ஆம் பிரிவின்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இவ்வாறு அனுப்பும் அதிகாரம் அப்பொழுது அமர்வு நீதிபதிகளுக்கு இருந்தது. அதாவது இத்தகைய வழக்குகளில் ஜூரியின் சொல் அப்பொழுது இறுதிச் சொல்லாக இருக்கவில்லை.

நீதிபதிகள் ஷேலத், நாயக் ஆகியோர் அடங்கிய அமர்வு, ஜூரிக்கு மேத்தா அளித்த விளக்கத்திலேயே பிழைகள் இருந்ததாகக் கண்டது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு பொதுவாக அரசுத் தரப்பினுடையது. ஆனால் விபத்து போன்ற ஒரு விதிவிலக்கைக் குற்றம் சாட்டப்பட்டவர் கோரினால், அதை நிறுவும் பொறுப்பு அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி அவரையே சார்ந்தது. இது ஜூரிக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. 1960 மார்ச் 11 அன்று உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

அன்றே பம்பாய் ஆளுநர் சிறீ பிரகாசா (இவர் 1952 முதல் 1956 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர்) அரசியலமைப்பின் 161 ஆம் உறுப்பைப் பயன்படுத்தி, உச்ச நீதிமன்ற மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைத்து, நானாவதியைக் கடற்படைக் காவலிலேயே வைத்திருக்க ஆணையிட்டார். நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே நாளில் ஆளுநர் தலையிட்டது பெரும் சர்ச்சைக்குள்ளானது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கும் காலத்தில் ஆளுநரின் இந்த ஆணை செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு 1960 செப்டம்பர் 5 அன்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

மேல்முறையீட்டின் இறுதித் தீர்ப்பு 1961 நவம்பர் 24 அன்று வெளியானது. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய இத்தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிலப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சார்ந்த சமூகப் பின்புலத்தைச் சேர்ந்த ஒரு நியாயமான மனிதர், அதே சூழலில் தன்னிலை இழப்பாரா என்று பார்க்க வேண்டும். சில சூழல்களில் சொற்களும் சைகைகளும்கூட ஆத்திரமூட்டலாக அமையலாம். இறந்தவரின் முந்தைய செயல்களால் உண்டான மனநிலையையும் கருத்தில் கொள்ளலாம். ஆயினும் மரணத்தை விளைவித்த செயல், அந்த ஆத்திரம் தணியும் முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். நானாவதி 1.30 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டார், 4.20 மணிக்குக் கொலை நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேர இடைவெளி, திரையரங்கு, ஆயுதக் கிடங்கு, அலுவலகம் என்ற வரிசையான செயல்கள் ஆகியவை அவர் தம்மைக் கட்டுப்படுத்தும் நிலையிலேயே இருந்ததைக் காட்டுவதாக நீதிமன்றம் முடிவு செய்தது.

2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 101 ஆவது பிரிவிலும் இதே விதிவிலக்கு இடம்பெற்றுள்ளது.

பிளிட்ஸ் இதழின் பங்கு

ஆர். கே. கரஞ்சியா 1941 இல் தொடங்கிய பிளிட்ஸ் என்னும் ஆங்கில வார இதழ் இவ்வழக்கைத் தன் சொந்த வழக்காகவே எடுத்துக்கொண்டது. நாட்டுக்காகக் கடலில் உழைத்த நேர்மையான அதிகாரி ஒருபுறம், பிறர் குடும்பத்தைக் கெடுத்த செல்வந்தர் மறுபுறம் என்று வாரந்தோறும் எழுதியது. 25 காசு விலையுள்ள இதழ் 2 ரூபாய் வரை விற்றதாகக் கூறப்படுகிறது. தெருக்களில் "நானாவதி ரிவால்வர்" என்ற விளையாட்டுத் துப்பாக்கிகளும் "அகுஜா துண்டு"களும் விற்பனைக்கு வந்தனவாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரும் மன்னிப்பு கோரும் இயக்கத்தை இவ்விதழ் தொடர்ந்தது.

இப்பரப்புரையில் விபத்து வாதத்துக்கு இடமே இல்லை. மானத்துக்காகச் சுட்ட கணவன் என்ற சித்திரம் விபத்தாகக் குண்டு வெடித்தது என்பதோடு பொருந்தாது. நீதிமன்றத்தில் கைதவறியவர் இதழில் வீரரானார். இறந்த அகுஜாவுக்காகப் பேச அவருடைய சகோதரியைத் தவிர ஏறக்குறைய எவரும் இல்லை என்பதும், உறவின் பழி முழுவதும் ஒரு பெண் மீதும் ஓர் இறந்த மனிதர் மீதும் விழுந்தது என்பதும் இக்காலத்தில் அச்செய்திகளை நோக்கும்போது உறுத்தக்கூடியவை.

ஜூரி முறை ஒழிப்பு

இவ்வழக்கே இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பல நூல்களிலும் இதழ்களிலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் இக்கொலை நிகழ்வதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1958 இல், சட்ட ஆணையம் தன் 14 ஆம் அறிக்கையில் ஜூரி முறையை ஒழிக்கப் பரிந்துரைத்துவிட்டது. அம்முறை நாடெங்கும் இருந்ததும் இல்லை. எந்த மாவட்டத்தில், எந்தக் குற்றங்களுக்கு ஜூரி என்பதை மாநில அரசுகளே தீர்மானித்தன. நானாவதி வழக்கிற்குப் பின்னரும் கல்கத்தா போன்ற இடங்களில் ஜூரி விசாரணைகள் நடைபெற்றன. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமளிக்கவில்லை. முன்பே வலுவிழந்திருந்த ஒரு முறைக்கு எதிராக, எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டை நானாவதி வழக்கு அளித்தது என்று கூறுவதே பொருத்தம்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கு இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு நினைவுக்கு வரலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1945 இல் ஜூரியுடன் நடந்த அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டு, 1947 இல் விடுதலை செய்யப்பட்டனர். அங்கு ஜூரி தண்டித்தவர்களை மேல்முறையீடு விடுவித்தது, பம்பாயிலோ ஜூரி விடுவித்தவரை மேல் நீதிமன்றம் தண்டித்தது.

மன்னிப்பும் பிற்காலமும்

1964 இல் மகாராட்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கினார். பார்சி, சிந்தி சமூகங்களுக்கு இடையிலான மனக்கசப்பைத் தவிர்க்க, சிறையிலிருந்த பாய் பிரதாப் என்னும் சிந்தி வணிகருக்கும் உடன் மன்னிப்பு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. நானாவதி பின்னர் குடும்பத்துடன் கனடாவில் குடியேறினார். அங்கு 2003 இல் காலமானார்.

நூல்களும் திரைப்படங்களும்

சல்மான் ருஷ்டியின் 1981 ஆம் ஆண்டு நாவலான மிட்நைட்ஸ் சில்ட்ரனில் வரும் கமாண்டர் சபர்மதி என்னும் பாத்திரம் நானாவதியை ஒட்டியது. வரலாற்றாசிரியர் கியான் பிரகாஷ், மும்பை ஃபேபிள்ஸ் (2010) என்னும் நூலில் பிளிட்ஸ் இதழின் பங்கை விரிவாக ஆராய்ந்துள்ளார். பாச்சி கர்காரியாவின் இன் ஹாட் பிளட் (2017) வழக்கை முழுமையாக விவரிக்கும் நூல் ஆகும். இந்தித் திரைப்படங்களுள் ஏ ரஸ்தே ஹே பியார் கே (1963), குல்சாரின் அச்சானக் (1973), ருஸ்தம் (2016) ஆகியவை இவ்வழக்கைத் தழுவியவை. ருஸ்தம் படத்தில் உண்மை வழக்கில் இல்லாத கடற்படை ஊழல் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளதால், அதனை வழக்கின் வரலாறாகக் கொள்ள இயலாது.