மூன்று நீச்சல் குளம்… ஆனால் டாங்கி காலி!

ஒரே கப்பலில், அதுவும் திறந்தவெளியில், மூன்று நீச்சல் குளங்கள் இருந்தன, தெரியுமா? முதல் வகுப்புக்கு ஒன்று, கேபின் வகுப்புக்கு ஒன்று, டூரிஸ்ட் வகுப்புக்கு ஒன்று. தண்ணீரில்கூட ஆட்கள் கலந்துவிடக் கூடாதாம்!

1953 ஜனவரியில் ஜெனோவாவிலிருந்து நியூயார்க்குக்கு முதன்முதலாகப் புறப்பட்ட இத்தாலியக் கப்பல் 'ஆண்ட்ரியா டோரியா'தான் அது. நீளம் 213 மீட்டர். ஒரு சொகுசு அறையில் திரும்பிய பக்கமெல்லாம் ராசிச் சின்னங்கள், வரைந்தவர் இத்தாலியக் கலைஞர் ஃபோர்னசெட்டி. தேளும் சிங்கமும் முறைத்துக்கொண்டிருக்க, எப்படித்தான் தூங்கினார்களோ! ஆனால், பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் டூரிஸ்ட் வகுப்புக்குத்தான். நேப்பிள்ஸில் ஏறி, அமெரிக்காவில் பிழைப்புத் தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர்!

இத்தனை ஆடம்பரக் கப்பல் கடைசியில் கவிழ்ந்தே போனது. ஏன் தெரியுமா? எண்ணெய் எரிய எரியக் கப்பலின் அடிப்பாரம் குறையும். காலியான டாங்கிகளில் கடல்நீரை நிரப்பினால்தான் சமநிலை நிற்கும். நிரப்பினால் துறைமுகத்தில் அந்த எண்ணெய்த் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், செலவு, தாமதம்! நிரப்பவில்லை. 1956 ஜூலை 25 இரவு, நியூயார்க்கை நெருங்கும் நேரம், கடும் மூடுபனி. ஸ்வீடனின் 'ஸ்டாக்ஹோம்' கப்பல் வலப்பக்கத்தில் பாய்ந்தது. அந்தப் பக்கத்து டாங்கிகளில் சுமார் 500 டன் கடல்நீர் புகுந்தது. எதிர்ப்பக்கத்து டாங்கிகளில் வெறும் காற்று! சாயாமல் என்ன செய்யும்? 16 உயிர்காப்புப் படகுகளில் எட்டை இறக்கவே முடியவில்லை. இத்தனைக்கும், மோதாமல் விலகிப் போக இரண்டு கப்பல்களிலும் ரேடார் இருந்தது!

ஆனாலும் மூழ்க 11 மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிரெஞ்சுக் கப்பல் 'இல் த ஃபிரான்ஸ்' திரும்பி வந்து, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, 753 பேரை ஏற்றிக்கொண்டது. டோரியாவில் இருந்த 1,706 பேரில் 1,660 பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஒரு 14 வயதுச் சிறுமியின் கதையை நம்பவே முடியாது: டோரியாவின் அறையில் தூங்கியவள், மோதிய வேகத்தில் ஸ்டாக்ஹோமின் நொறுங்கிய முகப்பில் போய் விழுந்து, உயிரோடு எழுந்தாள்!

கிறைஸ்லர் நிறுவனத்துக்காக டூரினில் செய்த, உலகிலேயே ஒன்றே ஒன்றான 'நோர்ஸ்மன்' காரும் டோரியாவோடு கடலுக்குள் போனது.

மோதிய ஸ்டாக்ஹோம் என்ன ஆயிற்று? புது முகப்பு பொருத்திக்கொண்டு பல பெயர்களில் ஓடியது. 1989-இல் ஓர் இத்தாலிய நிறுவனம் வாங்கி, ஜெனோவாவுக்கே, ஆமாம், டோரியாவின் சொந்த ஊருக்கே இழுத்து வந்து புதுப்பித்தது. வைத்த பெயர் 'இத்தாலியா பிரிமா'!