கிராணியின் சாவிக்கொத்து

2024 ஜூலை கடைசியில் இந்தியாவின் கூட்டுறவு வங்கிகளிலும் கிராமிய வங்கிகளிலும் கணக்கு வைத்திருந்த பலருக்குக் கைப்பேசி வழியாகப் பணம் போகவில்லை, வரவும் இல்லை. அந்த வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரேன்சம்வேர் தாக்கியிருந்தது. பாதிப்பு பரவாமல் தடுக்க, பணப்பரிமாற்றங்களை நடத்தும் என்பிசிஐ அமைப்பு சி-எட்ஜின் இணைப்பைத் துண்டித்தது. ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் சேவை நின்றது. ஆகஸ்ட் 1-இல்தான் இணைப்பு திரும்பியது.

தாக்கியவர்கள் நுழைந்த வழி, சி-எட்ஜுடன் சேர்ந்து இயங்கிய புரோன்டூ என்ற நிறுவனத்தில் சரியாக அமைக்கப்படாத ஒரு ஜெங்கின்ஸ் சர்வர் என்று கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கூறினார்கள்.

நிரலர் எழுதும் நிரலைச் சோதித்து, தொகுத்து, உரிய சர்வரில் ஏற்றும் வேலையைத் தானாகவே செய்யும் மென்பொருள் ஜெங்கின்ஸ். நம் தோட்டத்துக் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் சாவியும் ஆபீஸ் சாவியும் அவர் கையில்தான் இருக்கும். ஜெங்கின்ஸிடமும் அப்படித்தான், தரவுத்தளக் கடவுச்சொல் முதல் கிளவுட் கணக்கின் சாவி வரை எல்லாம் இருக்கும்.

இவற்றைக் காப்பது 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற செருகுநிரல். கடவுச்சொற்களை அது மறையாக்கம் செய்து ஒரு கோப்பில் வைக்கிறது. ஆனால், நள்ளிரவில் ஆளில்லாத நேரத்திலும் சர்வர் அவற்றைத் தானே திறந்தாக வேண்டும். அதனால் மறையை அவிழ்க்கும் 'மாஸ்டர் கீ'யும் அதே சர்வரில்தான் இருக்கிறது. பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவியை அதே அறையில் ஆணியில் மாட்டிய கதைதான். வேறு சில செருகுநிரல்களோ பெட்டியையே தேடுவதில்லை. கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதி வைத்துவிடுகின்றன. ஜெங்கின்ஸின் பாதுகாப்பு அறிவிப்புகளில் இந்தக் குறை மறுபடியும் மறுபடியும் தலைகாட்டுகிறது.

ஜெங்கின்ஸில் இருப்பதாக 2024 ஜனவரி 24-இல் வெளியான இன்னொரு குறை இந்த அறையின் கதவையே திறந்துவிட்டது. கட்டளையில் '@' குறியைப் போட்டு ஒரு கோப்பின் பாதையை எழுதினால், சர்வர் அந்தக் கோப்பைப் பிரித்துப் படித்தது. படித்தது பிழைச் செய்தியாக வெளியே வந்தது. உள்நுழையாதவருக்கே சில வரிகள் கிடைத்தன. படிக்கும் அனுமதி பெற்றவருக்கு முழுக் கோப்பும் கிடைத்தது. வங்கிகளை முடக்கியவர்கள் பயன்படுத்தியது இதைத்தான் என்பது கிளவுட்செக்கின் கணிப்பு. திருத்தம் அறிவிப்பு வந்த அன்றே வெளியாகிவிட்டது. தாக்குதல் நடந்ததோ ஆறு மாதம் கழித்து.

இங்கே மலேசியாவிலும், ஜொகூரின் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உயர்ந்த வேலியும் இரவுக் காவலும் கட்டடத்தைக் காக்கும். ஒரு கோப்பில் கிடக்கும் கடவுச்சொல்லைக் காக்காது. 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பிலுள்ள மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்பை நடத்துவோர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு கோப்பைப் படிக்க ஒரு நொடி போதும்.

ஆகவே, கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். திருத்தம் வந்த அன்றே அதை நிறுவுங்கள். ஜெங்கின்ஸ் சர்வரைத் திறந்த இணையத்தில் வைக்காதீர்கள். நிரந்தரக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக, வேலை முடிந்ததும் காலாவதியாகும் தற்காலிகச் சாவியைக் கொடுங்கள். அப்போது கிராணியின் சாவிக்கொத்து களவு போனாலும், மறுநாள் காலை அது எந்தக் கதவையும் திறக்காது.