டைட்டன் ஷேர் ஒன்று இருபது ஆனது எப்படி?

ஷேரில் பணம் போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்!

ஓசூர்,

"டைட்டன் ஷேர் ஒண்ணு இருபது ஆயிடுச்சாமே! அப்பவே நாலு வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நான் ஏன் ஷிப்டுக்கு ஓடறேன்?"

ஓசூர் சிப்காட் பக்கம் டீக்கடையில் நின்றால் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும். ஒன்று இருபது ஆனது உண்மைதான். ஆனால் ஆசை காட்டுகிறவர்கள் பாதியைத்தான் சொல்லுகிறார்கள். மீதிப் பாதி இதோ.

தேங்காய்க் கணக்கு

டைட்டன் கம்பெனியை 1984-ல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கின. கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில் வந்தது. இன்றும் டிட்கோ கையில் 27 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கிறது. அதாவது அந்தக் கம்பெனியில் நம் அரசும் ஒரு முதலாளி! ஒரே ஒரு ஷேர் வாங்கினாலும் நீங்களும் ஒரு சின்ன முதலாளி. ஷேர் என்றால் அவ்வளவுதான்.

2011-ல் 10 ரூபாய் முகமதிப்பு ஷேரை 1 ரூபாய் ஷேர் பத்தாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு ஒன்று போனசும் கொடுத்தார்கள். பத்தும் பத்தும் இருபது. அதனால் யாரும் அன்றைக்கே பணக்காரர் ஆகவில்லை. தேங்காயை இருபது சில்லு போட்டால் இருபது தேங்காய் ஆகுமா? பிறகு விலை ஏறியது வியாபாரம் வளர்ந்ததால். அந்த வியாபாரத்தில் பெரும்பகுதி இன்று கடிகாரம் அல்ல, தனிஷ்க் நகை.

மண்டியும் மார்க்கெட்டும்

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலையை யார் வைக்கிறார்கள்? வரத்து குறைந்தால் ஏறுகிறது, குவிந்தால் விழுகிறது. ஷேரும் அப்படியே. காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை வாங்குகிறவர் கேட்கும் விலையும் விற்கிறவர் சொல்லும் விலையும் எங்கே ஒட்டுகிறதோ, அதுதான் அந்த நிமிட விலை. நேற்று ஏறியது நாளையும் ஏறும் என்று எந்த மண்டிக்காரராவது எழுதிக் கொடுப்பாரா?

பணம் போகும் பாதை

முதலில் பான் கார்டு, பேங்க் கணக்கு வேண்டும். பிறகு செபியில் பதிவான புரோக்கரிடம் டிரேடிங் கணக்கும் டீமேட் கணக்கும் திறக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஷேர் காகிதமாக வந்தது. இன்று டீமேட்டில் எண்ணாக நிற்கிறது. இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளில் உங்கள் பெயருக்கு வந்துவிடும்.

இந்தப் பாதையை விட்டு விலகினால் ஆபத்துதான்! வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, "சார், இந்த கணக்குல பணம் போடுங்க, நாங்க டிரேடிங் பண்ணித் தர்றோம்" என்பார்கள். கொடுக்கும் கணக்கு யாரோ ஒருவருடையது. போலி ஆப்பில் ஐம்பதாயிரம் ஐந்து லட்சமாகத் தெரியும். எடுக்கப் போனால், "முதல்ல டாக்ஸ் கட்டுங்க" என்பார்கள். கட்டினால் அதுவும் போச்சு!

நூற்றுக்கு 93 பேர்

நேர்வழியிலும் குழி உண்டு. அதன் பெயர் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ். கொஞ்சம் முன்பணம் கட்டி, பெரிய சரக்கின் விலை கெடு நாளுக்குள் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்றது. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். சொன்னது டீக்கடை அல்ல, செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு!

புதிதாக வருகிறவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. வட்டிக்கு வாங்கிய பணம், பிள்ளையின் பீஸ் பணம், மகள் கல்யாணப் பணம் எதையும் ஷேரில் போடக் கூடாது. சில வருடம் தொடாமல் விடக்கூடிய பணத்தில், என்ன தொழில் செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த கம்பெனியில், கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போகிற பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு உண்டு. விடியட்டும் என்று காத்திருந்தால் பணம் பத்து கணக்கு தாண்டியிருக்கும்!