அச்சு செய்யக் கொடுக்கும் முன்...

அந்நிய நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பும் சகோதரர்கள் பலர், இனி மனைவி மக்களோடு இருந்து ஒரு சிறுதொழில் நடத்தலாம் என எண்ணுகின்றனர். பிளாஸ்டிக் மூடியோ, குழாய் இணைப்போ, ஏதேனும் ஓர் உதிரிப் பாகமோ சொந்தமாகச் செய்து விற்பது அவர்களது திட்டம். நல்ல எண்ணமே. ஆயினும், அந்தச் சேமிப்பின் பெரும்பங்கு முதலில் சென்று சேருமிடம் அச்சு செய்யும் டூல் ரூம். அங்கே தெளிவின்றிப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டால், பின்னர் வருந்திப் பயனில்லை.

உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி, குளிர வைத்து, பொருளாக வெளியே தள்ளும் எஃகு அச்சையே 'மோல்டு' என்கிறோம். அதன் விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் மூடிகள் விற்றால், மூடி ஒன்றுக்கு அச்சுச் செலவு 3 ரூபாய்; 5,000 மூடிகள் மட்டுமே விற்றால் 60 ரூபாய்! ஆகவே, எத்தனை விற்கும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். குறைந்த எண்ணிக்கையே போதுமெனில், மலிவான அலுமினிய அச்சு செய்ய இயலுமா என்று கேளுங்கள்.

அடுத்தது வரைபடம். கையில் ஒரு மாதிரிப் பொருளை மட்டும் எடுத்துச் சென்று, "இதுபோல் செய்து தாருங்கள்" என்பது போதாது. அளவுகள், எந்த வகைப் பிளாஸ்டிக், நிறம், எதனோடு பொருந்த வேண்டும் ஆகிய யாவும் வரைபடத்தில் இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்கும். ஏபிஎஸ் சுமார் அரை சதவீதமே சுருங்கும். பாலிபுரொப்பிலீனோ 1 முதல் 2 சதவீதம் வரையும் அதற்கு மேலும் சுருங்கக்கூடும். ஒன்றுக்கெனச் செய்த அச்சில் மற்றொன்றை இட்டால் அளவு தவறிவிடும்.

எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். மூடி பொருந்தும் இடத்தில் மட்டும் நுட்பமான அளவு கேளுங்கள். எல்லா இடத்திலும் கேட்டால் செலவே கூடும். பொருளின் சுவர் எங்கும் ஒரே கனமாக இருப்பது நன்று. ஓரிடத்தில் மட்டும் தடித்தால் அங்கே குழி விழும். பக்கச் சுவர்கள் ஒரு பாகையளவேனும் சாய்ந்திராவிடில், பொருள் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்.

முதல் சோதனையிலேயே எல்லாம் சரியாக வந்துவிடும் என எதிர்பாராதீர்கள். அச்சிலிருந்து எஃகைச் செதுக்கி எடுப்பது எளிது. குறைந்துவிட்ட எஃகை மீண்டும் சேர்ப்பதோ கடினம். எனவே ஐயமுள்ள இடங்களில் எஃகைச் சிறிது மிகுதியாக விட்டுவைத்து, சோதனைக்குப் பின் திருத்துவதே அனுபவசாலிகளின் வழக்கம். எத்தனை சோதனைகள், திருத்தச் செலவு யாருடையது என்பவற்றை முன்னரே பேசி முடியுங்கள். ஒப்புக்கொண்ட மாதிரியில் இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: ஒப்பந்தத்தின்போது ஒரு பகுதி, முதல் சோதனையின்போது ஒரு பகுதி, மாதிரியை ஏற்றபின் மீதி.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது உரிமை. பணம் நீங்கள் கொடுத்தீர்கள். ஆனால் அச்சு அவர்களது பட்டறையிலேயே இருக்கும். நாளை மனத்தாங்கல் வந்தால் அதை எடுத்து வர முடியுமா? "அச்சும் அதன் வரைபடங்களும் எனக்கே சொந்தம், கேட்கும்போது தர வேண்டும், பிறருக்கு இதில் பொருள் செய்து தரக்கூடாது" என்று எழுதி வாங்குங்கள். அச்சின் மீது உங்கள் நிறுவனப் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். வேறிடத்து இயந்திரத்தில் பொருந்துமா என்றும் கேட்டறியுங்கள்.

விவரம் அறிய விரும்புவோருக்கு 1968இல் சென்னையில் தொடங்கப்பெற்ற சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பயிற்சி அளித்து வருகிறது. அச்சுத் தொழில் கற்க ஐதராபாத்தில் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் உண்டு. வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரேனும் இத்தொழிலைக் கற்றால் நலமன்றோ?

பழகியவரிடம் எழுதி வாங்கக் கூச்சமாக இருக்கிறதென்று சிலர் சொல்வர். எழுத்து, செய்து தருபவருக்கும் பாதுகாப்பே. அந்தப் பணத்திற்காகப் பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளை நினைத்தேனும், ஒரு தாளை எடுத்து எழுதிவிட்டு அதன் பின்னரே முன்பணத்தைக் கொடுங்கள்.