ராக் மண்டபத்தில் பாப் பாடகருக்கு இடமுண்டா?

என் விடுதி அறைத்தோழர் கிதார்ப் பித்தர். "மடோனா ராக் கலைஞரா?" என்று சீறுகிறார். அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் 2008-இல் அவரையும், 2010-இல் சுவீடனின் 'அப்பா' குழுவையும் (நம் அப்பா அல்லர்!) ஏற்றதே காரணம்.

வேதியியல் பயிலும் நானோ, பெயரைவிடச் சேர்க்கையையே நோக்குபவன். 1986-இல் ஏற்கப்பெற்ற முதல் வரிசையிலேயே எல்விசுடன் ரே சார்லசும் சாம் குக்கும் இருந்தனர். தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதற்பாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் அவர்கள். கிதாரால் பெயர் பெற்றவரல்லர். பிறப்பிலேயே கலவையான இசைக்கு இன்று தூய்மை பேசலாமோ? விற்பனை மட்டும் தகுதியாகாது என்பதை ஒப்புகிறேன்.

கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 2022-இல் தமக்குத் தகுதியில்லையென விலகப் பார்த்தார், மண்டபத்தார் விடவில்லை. மறு ஆண்டே 'ராக்ஸ்டார்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார்!