மலைப்பாதைக்கு ஒரு மின்சைக்கிள்

சாதாரண சைக்கிள் ஒன்றை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றியமைப்பது யாழ்ப்பாணத்தின் சமதரையில் ஒரு வகை வேலை. ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு இறங்கி, நோர்வூட், பொகவந்தலாவை எனத் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து செல்லும் வீதியில் அது முற்றிலும் வேறு வேலை. 2022 ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை ஏற்பட்டு, பின்னர் கியூஆர் அட்டைப் பங்கீடு நடைமுறைக்கு வந்த காலத்தில், இலங்கையெங்கும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு உண்டாகி அதன் விலையும் பெரிதும் உயர்ந்தது. ஆனால், சைக்கிளால் சமதரை ஊர்களுக்குக் கிடைத்த ஆறுதல் மலைத்தோட்டங்களுக்கு அதே அளவில் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. அங்கே சைக்கிள் வேரூன்றாமைக்குப் பணத்தட்டுப்பாட்டைவிட வீதியின் சரிவே பெரிய காரணமாகும்.

அந்தச் சரிவைக் கணக்கிட்டுப் பார்த்தால் மோட்டாரின் தேவை தெளிவாகும். ஓட்டுநர், சைக்கிள், கையோடு கொண்டுசெல்லும் சாமான் எல்லாம் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், நூறு மீற்றர் நீளத்துக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 300 வாட் வலு வேண்டும். பயிற்சியில்லாத ஒருவரின் கால்கள் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடியதோ 75 முதல் 100 வாட் வரையே. எஞ்சிய 200 வாட்டைத் தருவதே மோட்டாரின் பணி என்பதால், 250 வாட் மோட்டார் போதுமானது என்றே தோன்றும். எனினும் அந்த வலுவை மோட்டார் எந்த வேகத்தில் சுழன்று தருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாற்றுத்தொகுதிகளில் பெரும்பாலானவை, சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள்ளேயே மோட்டாரை அடக்கியவை. இது புதிய யோசனையன்று; ஒக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895 இலேயே பின்சக்கரக் குடத்தில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சக்கரத்தை மாற்றி, கைப்பிடியில் விசையைப் பொருத்தி, கம்பிகளை இணைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது என்பது இதன் கவர்ச்சி. ஆனால், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட மோட்டார், செங்குத்தான ஏற்றத்தில் சக்கரத்தோடு சேர்ந்து தானும் மெதுவாகவே சுழல வேண்டியிருப்பதால், அதற்குள் பாயும் மின்சாரத்தில் கணிசமான பகுதி சுழற்சியாகாமல் வெப்பமாகிவிடுகிறது. சில கிலோமீற்றர் நீளமான ஏற்றத்தில் அந்த வெப்பம் செப்புக்கம்பிச் சுருளின் காப்புப் பூச்சைக் கருக்கவோ, குடத்துக்குள் உள்ள நைலோன் பற்சக்கரங்களை இளகச்செய்யவோ கூடும்.

மலைப்பாதைக்கு உகந்தது, பெடல் அச்சிலேயே பொருத்தப்படும் மற்றொரு வகை. இது சக்கரத்தை நேரடியாகச் சுழற்றாமல் செயினை இழுப்பதனால், ஓட்டுநர் ஏற்றத்தில் கியரைக் குறைக்கும்போது, சக்கரம் மெதுவாகச் சுழன்றாலும் மோட்டார் தனக்குரிய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். கியர் இல்லாத பழைய லுமாலா போன்ற சைக்கிளில் இந்த நன்மை முழுமையாகக் கிட்டாது. பின்சக்கரத்திலுள்ள 18 பல் சில்லைக் கழற்றிவிட்டு 22 பல் சில்லைப் போட்டால் ஓரளவு ஈடுசெய்யலாம். விலை கூடுதல், செயின் விரைவில் தேயும் என்பன இவ்வகையின் குறைகள். ஆயினும் டிக்கோயாவில் மலிவான மோட்டாரை வாங்கி எரித்துவிடுவதைவிட அடிக்கடி செயின் மாற்றுவதே சிக்கனம்.

மோட்டாருக்கு அடுத்தது பற்றரி. பத்து லித்தியம் கலங்களை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட் கிடைக்கும். அத்தகைய 10 அம்பியர்-மணி பற்றரியில் 360 வாட்-மணி ஆற்றல் அடங்கும். நூறு கிலோவை நூறு மீற்றர் உயர்த்த 27 வாட்-மணி போதுமென்றாலும், வழியில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்து 40 எனக் கொள்வதே பாதுகாப்பானது. அதன்படி, மோட்டாரை மட்டுமே நம்பினாலும் ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தில் மொத்தம் 900 மீற்றர் உயரம் ஏறலாம். அதற்கு அரை அலகுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும்.

மின்சாரத்தின் விலையைவிட அதனை ஏற்றும் இடமே கவலைக்குரியது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயன் அறைகளில், ஓர் அறையில் பற்றிய தீ அடுத்தடுத்த குடும்பங்களையும் வீதிக்குக் கொண்டுவந்த செய்திகள் மலையகத்துக்குப் புதியவையல்ல. லித்தியம் பற்றரியில் மூளும் தீயோ எளிதில் அணையாதது. ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து அளவு மீறும்போது இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாத பற்றரியையும், பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த கலங்களால் கட்டப்பட்ட பற்றரியையும் எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கவேண்டும். உறங்கும் நேரத்தில் மின்னேற்றாமல், விழித்திருக்கும்போது, மெத்தையும் விறகும் இல்லாத இடத்தில் ஏற்றுவது நல்லது.

ஏறுவதற்கு மோட்டார் தேடுவோர் இறங்குவதைப் பற்றிப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. மோட்டாரும் பற்றரியும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ எடை கூடிய சைக்கிள், ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு இறங்கும்போது, ஏறுகையில் சேர்த்த ஆற்றலின் பெரும்பகுதியைப் பிரேக்குகளே வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த ரிம்மைப் பற்றும் இறப்பர் கட்டைகள், முதற் சில சுற்றுகளுக்கு ஏறக்குறைய வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே டிஸ்க் பிரேக் பொருத்தக்கூடிய சட்டமுள்ள சைக்கிளைத் தெரிந்தெடுப்பதும், பிடித்தவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக் பிடிகளைப் போடுவதும், மோட்டாரை வாங்குமுன்னரே முடிவுசெய்ய வேண்டிய விடயங்களாகும். கையிலுள்ள பணம் இரண்டுக்கும் போதாதாயின், முதலில் பிரேக்கை மாற்றிவிட்டு மோட்டாரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.