ஆறு பேரில் நீங்கள் யார்?

'கில்லிங் ஃப்ளோர் 2' ஆட்டத்தில் முதல் ஜாம்பி தலைகாட்டும் முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மருத்துவரா, கத்தி பிடித்து முன்னால் நிற்பவரா, தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவரா, வெடிகுண்டு நிபுணரா? திரையில் பத்துப் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆடுபவர்கள் இவற்றைப் பெர்க் என்பார்கள். ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கச் சில வினாடிகள் போதும். ஆனால் எதைக் கண்டு ஒதுங்க வேண்டும், யாரை ஒட்டி நிற்க வேண்டும், காசு சேர்ந்தால் எதை வாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சில வினாடிகளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் அனேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எதை எடுத்தால் நிறையக் கொல்லலாம்?" கேள்வியில் தப்பில்லை. ஆனால் இது ஆறு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். கிரிக்கெட்டில் பதினொரு பேரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பந்து போடுவது யார்? ஆறு பேரும் சுடுவதற்கென்றே பெர்க் எடுத்தால், காயம்பட்டவரைத் தள்ளி நின்று குணமாக்கவும், குண்டு தீர்ந்தவருக்குக் கொடுக்கவும் ஆள் இருக்காது. அந்தக் குறை எதிரிகள் வரும் முதல் இரண்டு மூன்று அலைகளில் தெரியாது. பெரிய உருவங்கள் வரத் தொடங்கும்போது ஒரேயடியாகத் தெரியும்.

இந்தக் கேமுக்கு ஒரு சுவையான பூர்வகதை உண்டு. 2005-ல் 'அன்ரியல் டோர்னமென்ட் 2004' என்ற கேமின் மேல் ரசிகர்கள் கட்டிய இலவச மாற்றுவடிவமாகத்தான் கில்லிங் ஃப்ளோர் பிறந்தது. ட்ரிப்வயர் இன்டராக்டிவ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை எடுத்து வளர்த்து 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் பாகம் 2016 நவம்பரில் முழுமையாக வெளியானது. கதைப்படி இதில் வருபவை கல்லறையிலிருந்து எழுந்த பிணங்கள் அல்ல. ஹார்சைன் என்ற கற்பனை நிறுவனத்தின் குளோனிங் சோதனை கைமீறிப்போனதன் விளைவு. ஆடுபவர்கள் அவற்றை 'ஜெட்' என்கிறார்கள். அலை அலையாக வரும். நான்கு, ஏழு அல்லது பத்து அலைகள். கடைசியில் ஒரு தலைவன். இரண்டு அலைகளுக்கு நடுவே கடை திறக்கும். 'டோஷ்' என்ற பணத்தால் ஆயுதம் வாங்கலாம், கையில் மிஞ்சியதைக் கூட்டாளியின் காலடியில் போட்டு உதவலாம்.

பெர்க் என்பது வெறும் பட்டம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி ஆயுத வரிசை இருக்கிறது. கமாண்டோ எடுத்தவர் தானியங்கித் துப்பாக்கியால் சுட்டால் அடி கூடுதலாக விழும். அதே ஆயுதத்தை மருத்துவர் தூக்கினால் சாதாரண அடிதான். அடியைவிடவும் முக்கியமானவை பெர்க்கோடு கூடவே வரும் சின்னச் சின்ன வசதிகள். ஸ்டாக்கர் என்ற ஜெட் உருவம் மறைந்து வரும். அருகில் வந்ததும் கமாண்டோவின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். எதிரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதையும் அவரால் பார்க்க முடியும். சப்போர்ட் எடுத்தவர் மற்றவர்களைவிட வேகமாகக் கதவை வெல்டிங் வைத்து அடைப்பார். கூட்டாளிகள் ஒவ்வொரு அலையிலும் ஒருமுறை அவரிடம் குண்டு வாங்கிக்கொள்ளலாம். டெமாலிஷனிஸ்ட்டிடம் அதேபோலக் கையெறிகுண்டு கிடைக்கும். கத்தி பிடிக்கும் பெர்ஸர்க்கரை, க்ளாட் என்ற சாதாரண ஜெட்டுகளால் கட்டிப்பிடித்து நிறுத்த முடியாது. மற்றவர்கள் மாட்டிக்கொண்டு தவிக்கும் கூட்டத்துக்குள் அவர் புகுந்து வெளியே வருவார்.

பலத்தைப் போலவே ஒவ்வொரு பெர்க்குக்கும் ஓட்டையும் உண்டு. தேர்வின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. டெமாலிஷனிஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஃப்ளெஷ்பவுண்ட் என்ற மலைபோன்ற உருவத்துக்கு வெடிப்பொருள் என்றால் ஆகாது. ராக்கெட் லாஞ்சர் வைத்திருக்கும் ஒருவர் அணியில் இருந்தால் எல்லோருக்கும் தெம்பு வரும். ஆனால் சைரன் என்ற ஜெட் ஒன்று வாயைத் திறந்து அலறினால், பறந்து வரும் குண்டு காற்றிலேயே அழிந்துபோகும். அதற்கும்மேல், கிரனேட் லாஞ்சர் குண்டுகள் சில அடி தூரம் பறந்த பிறகுதான் வெடிக்கும் நிலைக்கு வரும். காலடியில் வந்து நிற்கும் சின்ன ஜெட்டிடம் அவை எடுபடாது. ஆக, ஃப்ளெஷ்பவுண்டை வீழ்த்தும் அதே ஆள், நான்கு சில்லறை ஜெட்டுகள் மேலே விழுந்தால் தடுமாறிப்போவார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கமாண்டோவோ, நெருப்பால் கூட்டத்தைப் பொசுக்கும் ஃபயர்பக்கோ நின்றாக வேண்டும். அந்த ஆள் அணியில் இருக்கிறாரா என்று பார்க்காமல் டெமாலிஷனிஸ்ட் எடுப்பது பாதித் தேர்வு.

ஷார்ப்ஷூட்டர் கதையும் இதேதான். ஸ்க்ரேக் என்ற ரம்பக்காரனைத் தலையில் குறிவைத்து, அவன் ஓடிவரும் முன்பே முடிக்க இவரைவிடச் சிறந்தவர் இல்லை. அதற்கு அவருக்கு வேண்டியது சில வினாடி அமைதி. சின்னத் துப்பாக்கி வைத்திருக்கும் கூட்டாளி ஆர்வக்கோளாறில் ஸ்க்ரேக்கின் மார்பில் சுட்டுச் சீண்டிவிட்டால் அவன் வெறிகொண்டு பாய்வான், குறி தப்பும். அனுபவசாலிகள் ஸ்க்ரேக் வந்ததும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு ஷார்ப்ஷூட்டருக்கு வழிவிடுவதைப் பார்க்கலாம். ஒருவர் தேர்ந்தெடுத்த திறன் மற்ற ஐந்து பேரின் நடத்தையையும் மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெர்க் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஆட ஆட லெவல் 25 வரை ஏறும். ஐந்து லெவலுக்கு ஒருமுறை இரண்டு ஸ்கில்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். ஐந்து இடங்களில் இரண்டிலொன்று. மொத்தம் 32 விதமாக ஒரே பெர்க்கை அமைக்கலாம். பெர்ஸர்க்கருக்கு ஐந்தாம் லெவலில் வரும் கேள்வி இது: கூடுதல் உயிர் வேண்டுமா, அல்லது வேகமும் மெதுவாகத் தானே ஆறும் உடம்பும் வேண்டுமா? இன்னொரு படியில், எதிரியின் அடியைக் கத்தியால் தட்டித் தடுப்பவருக்குப் பலன் தரும் பேரி என்ற ஸ்கில் வரும். அதற்கு எதிர்ப்பக்கம், எதுவும் செய்யாமலே அடியைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டன்ஸ். கைப்பழக்கம் உள்ளவருக்குப் பேரிதான் பெரிய பரிசு. தட்டும் நேரம் இன்னும் பிடிபடாதவர் அதை எடுத்தால், ஸ்கில்லே இல்லாதவர்போல ஆடவேண்டியிருக்கும். கையில் இன்று இருக்கும் பழக்கத்தைப் பார்த்து எடுப்பதே சரி. பழகப் பழக மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இருபத்தைந்தாம் லெவலின் ஸ்கில்கள் தனி ரகம். அவை ஜெட் டைம் என்ற நேரத்தில் வேலை செய்பவை. ஆட்டத்தின் நடுவே உலகமே சில வினாடிகள் மெதுவாக நகரும். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் அது நடக்கும். கமாண்டோ அணியில் இருந்தால் அவர் கொல்லக் கொல்ல அந்த நேரம் நீளும். பெர்ஸர்க்கரின் ஸ்பார்ட்டன் ஸ்கில், மற்றவர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவர் மட்டும் கிட்டத்தட்ட இயல்பான வேகத்தில் வெட்ட வழிசெய்கிறது. மருத்துவரின் ஏர்போர்ன் ஏஜென்ட், அதே நேரத்தில் அவரைச் சுற்றிக் குணமாக்கும் புகையைப் பரப்புகிறது. கமாண்டோ நேரத்தை நீட்டினால் மருத்துவரின் புகையும் நீள்கிறது. இரண்டு பேர் தனித்தனியே எடுத்த இரண்டு முடிவுகள் இப்படிக் கைகோக்கும் இடங்களில்தான் இந்தக் கேமின் வடிவமைப்பு உண்மையிலேயே ஒளிர்கிறது.

மருத்துவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 'பின்னால் நின்று ஊசி போடும் வேலை' என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமே இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு ஊசி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கூட்டாளிக்குப் போடப் பக்கத்தில் ஓடவேண்டும். மருத்துவரின் துப்பாக்கியோ குணமாக்கும் டார்ட்டைத் தூரத்திலிருந்தே செலுத்தும். அவர் எடுக்கும் ஸ்கில்லைப் பொறுத்து, டார்ட் பட்டவர் வேகமாக ஓடுவார், அல்லது வலுவாக அடிப்பார், அல்லது அடியைத் தாங்குவார். ஒரு நல்ல மருத்துவர் அணியில் இருப்பது மற்ற ஐவரின் பெர்க்கையும் அரை லெவல் உயர்த்தியதற்குச் சமம்.

முதல் பாகத்தில் லெவல் ஏறும் முறை வேறாக இருந்தது. பெர்க்குக்கு உரிய வேலையை எண்ணிக் கணக்கு வைப்பார்கள்: மருத்துவர் எவ்வளவு குணமாக்கினார், சப்போர்ட் எவ்வளவு வெல்டிங் வைத்தார், ஷார்ப்ஷூட்டர் எத்தனை ஹெட்ஷாட் எடுத்தார். அவரவர் வேலையை அவரவர் கற்றுக்கொள்ள இது உதவியது உண்மை. ஆனால் கணக்கை ஏற்றுவதற்காகவே ஒரே கதவை அடைத்து, பிரித்து, மறுபடி அடைத்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. இரண்டாம் பாகத்தில் எந்தப் பெர்க்கின் ஆயுதத்தால் கொன்றாலும் அனுபவப் புள்ளி அந்தப் பெர்க்குக்கே சேரும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

எல்லாக் கேமும் ஆளுக்கொரு திறன் என்ற இந்த வழியில் போகவில்லை. 2008-ல் வால்வ் வெளியிட்ட 'லெஃப்ட் 4 டெட்' நான்கு பாத்திரங்களுக்கும் ஒரே திறனைத்தான் கொடுத்தது. பில், ஃபிரான்சிஸ், லூயிஸ், ஸோயி ஆகியோரில் யாரை எடுத்தாலும் முகமும் குரலும்தான் மாறும். அந்தக் கேமைத் தொடங்கிய டர்ட்டில் ராக் நிறுவனமே 2021-ல் 'பேக் 4 பிளட்' கொண்டுவந்தபோது எதிர்த்திசைக்குப் போனது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் திறன். போதாதென்று 15 கார்டுகள் கொண்ட கட்டு. சில கார்டுகள் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கும். 'குயிக் கில்' என்ற கார்டு துல்லியத்தைக் கூட்டும், ஆனால் துப்பாக்கியைக் கண்ணருகே தூக்கிக் குறிபார்க்கவே விடாது. நெருங்கி நின்று ஷாட்கன் சுடுபவருக்கு அது நஷ்டமே இல்லை. தூரத்திலிருந்து சுடுபவர் அதைத் தொடவே கூடாது.

'கால் ஆஃப் டூட்டி' தொடரின் ஜாம்பி ஆட்டங்கள் திறனை விலைக்கு விற்றன. ஆட்டக்களத்தில் குளிர்பான இயந்திரங்கள் நிற்கும். புள்ளிகளைக் கொடுத்துக் குடிக்கவேண்டும். அதிக அடி தாங்கவைக்கும் ஜக்கர்னாக் 2,500 புள்ளி, வேகமாகக் குண்டு நிரப்பவைக்கும் ஸ்பீட் கோலா 3,000. 500 புள்ளியோடு தொடங்கி, ஜாம்பியின் உடலில் படும் ஒவ்வொரு குண்டுக்கும் 10 புள்ளி சேர்ப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. நான்குக்கு மேல் குடிக்க முடியாது என்பது அந்நாளைய விதி. பார்க்கத் தேர்வுபோலத் தெரிந்தாலும் ஜக்கர்னாக் இல்லாமல் யாரும் நீண்டநேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எல்லோரும் அதையே முதலில் வாங்கினார்கள். 2018-ல் 'பிளாக் ஆப்ஸ் 4' வந்தபோது அதை எடுத்தே விட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், 2020-ன் 'கோல்ட் வார்' அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எல்லோரும் கட்டாயம் எடுத்தே தீரவேண்டிய ஒரு திறன் இருந்தால், அங்கே உண்மையில் தேர்வு இல்லை என்பதே சரியான மதிப்பீடு. அந்த வகையில் கில்லிங் ஃப்ளோர் 2 ஒரு படி மேலே நிற்கிறது.

2025 ஜூலையில் வந்த மூன்றாம் பாகம் இதே பெர்க் விஷயத்தில்தான் முணுமுணுப்பைச் சந்தித்தது. வெளியானபோது ஒவ்வொரு பெர்க்கும் ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தோடு கட்டப்பட்டிருந்தது. பிடித்த முகத்தோடு பிடித்த வேலையைச் செய்ய முடியாமல் போனது பழைய ரசிகர்களை உறுத்தியது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கில்லிங் ஃப்ளோர் 2 ரத்தம் தெறிக்கும் கேம். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று சான்றிதழ் பெற்றது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் பெற்றோர் அதை மனதில் வைக்கவேண்டும்.

புதிதாக இறங்குகிறவர்கள் நார்மல் கடினநிலையில் நான்கு அலை ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கமாண்டோவிலோ சப்போர்ட்டிலோ தொடங்கலாம். இரண்டும் பிழையைப் பொறுப்பவை. ஷார்ப்ஷூட்டரையும் கன்ஸ்லிங்கர் என்ற பெர்க்கையும் கை ஹெட்ஷாட்டுக்குப் பழகிய பிறகு தொடுவது நல்லது. 'ரெடி' கொடுப்பதற்கு முன், மற்ற ஐவரின் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பெர்க் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அலைகளுக்கு நடுவே பெர்க்கை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஐந்து பேரில் யாரும் மருத்துவர் இல்லையென்றால், நீங்களே எடுங்கள்.